மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வேண்டாமா?





இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்கள் முன்பாக வருகிறேன். இது நானாகத் தேடிப்போன கேள்வி அல்ல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நம் சபை வாலிபத் தம்பி ஒருவர் கேட்டது.

"பாஸ்டர், இத்தனை அம்மாமார் சாராயக்கடையை மூடணும்னு அழுது ஜெபிக்கிறாங்க. குடிக்கிறவன் எப்படியும் குடிக்கத்தானே செய்வான்? கடையை மூடினா மனசு மாறிடுமா? குடிக்கிறதும் விடுறதும் அவனவன் இஷ்டம். இதுல அரசாங்கம் எதுக்குத் தலையிடணும்?"

கேட்டவுடன் ஒரு வசனத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் தம்பி வீம்புக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டதைத்தான் நானும் பல வருஷம் பிரசங்கபீடத்தில் நின்று வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். "சட்டத்தால் ஒன்றும் ஆகாது, சுவிசேஷத்தால்தான் ஆகும்" என்று கையை உயர்த்திப் பேசி, நீங்களும் ஆமென் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு ராத்திரி ஜெபிக்க முழங்காற்படியிட்டபோது கர்த்தர் என்னோடு இடைப்பட்டார். அதைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுச் சாட்சி

என் தகப்பனார் குடிகாரர். இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தமிழ்நாட்டில் சாராயக்கடை கிடையாது. மலிவுவிலை மதுவும் 1991-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சீமைச்சரக்குக் கடை டவுனில் இருந்தது. ஆனால் அப்பாவின் கூலிக்கு அது எட்டாது. ஓடைக்கரை முள்ளுக்காட்டில் ஊறல் போட்டுக் காய்ச்சி, லாரி டியூபில் கட்டிக் கொண்டுவந்து விற்பார்கள். அப்பா அங்கேதான் போவார். ஆகவே தடைச் சட்டம் இருந்தால் குடியே இருக்காது என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது. தடை இருந்தது. குடியும் இருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சில சமயம் போலீஸ் வந்து ஊறல் பானைகளை உடைத்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அப்புறம் பத்து பதினைந்து நாள் சரக்கு வராது. அந்தப் பதினைந்து நாளும் எங்கள் வீட்டில் ராத்திரி சோறு உண்டு. அம்மாவுக்கு அடி கிடையாது. அப்பா என் நோட்டை வாங்கி என் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அப்பாவின் மனம் மாறியிருந்ததா? இல்லவே இல்லை. சரக்கு கிடைத்தால் அடுத்த நிமிஷமே போயிருப்பார். மனம் மாறாமலேதான் அந்தப் பதினைந்து நாள் நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம். என் அம்மா அப்போது இயேசுவை அறியாதவர்கள். "யாரு பெத்த பிள்ளையோ, அந்தப் போலீஸ்காரங்க நல்லா இருக்கட்டும்" என்பார்கள்.

அப்பா கடைசி மூன்று மாதம் மஞ்சள் காமாலையோடு கட்டிலில் கிடந்தார். அப்போதுதான் ஒரு ஊழியக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா கண்ணீரோடு ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். பாவம் மன்னிக்கப்பட்டது. ஈரல் திரும்பவில்லை. கர்த்தர் சுகமாக்க வல்லவர், அவர் சித்தம் வேறாயிருந்தது. என் மனதில் மட்டும் ஒரு கேள்வி தங்கிவிட்டது. போலீஸ்காரர் இன்னும் நாலு தடவை வந்திருந்தால், சுவிசேஷம் வரும்வரை அப்பாவின் ஈரல் தாங்கியிருக்குமோ?

மனம் மாறாமல் சட்டம் என்ன செய்யும்?

உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் விழுந்து சாகும்போது இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று மோசே எழுதுகிறார்.

விழுகிறவன் யார்? அஜாக்கிரதையாய் நடந்தவனாக இருக்கலாம். கிழவனாக இருக்கலாம், குழந்தையாக இருக்கலாம், ஒருவேளை குடித்தவனாகவும் இருக்கலாம். "அவன் பார்த்து நடந்திருக்கவேண்டும், அது அவன் இஷ்டம்" என்று வீட்டுக்காரன் தப்பித்துக்கொள்ள வேதம் இடம் தரவில்லை. அதே நேரத்தில் கைப்பிடிச்சுவர் ஒருவனையும் பரிசுத்தவானாக்காது. அதன் வேலை அதுவல்ல. மனந்திரும்ப ஒருவனுக்கு உயிர் இருக்கவேண்டும் அல்லவா? அந்த உயிரைக் கொஞ்ச நாள் காத்துக்கொடுப்பது சுவரின் வேலை.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. முதல் தடவை ஒரு மாடு முட்டி மனுஷன் செத்தால், மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னமே அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், குற்றம் அவன்மேல்தான். இந்த மாடு முட்டும் என்று அரசாங்கங்களுக்குத் தெரியாதா? மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகமெங்கும் சுமார் 26 லட்சம் பேர் மதுவினால் மரித்தார்கள் என்று அதே நிறுவனம் 2024-இல் கணக்குச் சொன்னது. சொல்லியாயிற்று. இனிமேல் "தெரியாது" என்று ஒருவரும் சொல்லமுடியாது.

சட்டம் பழக்கத்தை மாற்றாது என்கிறீர்களா? உங்களில் நாற்பது வயது கடந்தவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு காலத்தில் டவுன் பஸ்ஸில் ஏறினால் பீடிப் புகையில் மூச்சு முட்டும், கைக்குழந்தையோடு உட்கார்ந்த தாய் முந்தானையால் பிள்ளையின் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள். 2003-இல் புகையிலைச் சட்டம் வந்தது, 2008-இல் பொது இடத்தில் புகைப்பதற்கான தடை இறுக்கப்பட்டது. இன்றைக்கு பஸ்ஸுக்குள் பீடி பற்றவைக்க ஒருவன் கூசுகிறான். அவன் வீட்டில் புகைக்கிறான், அது உண்மை. ஆனாலும் அந்தக் கைக்குழந்தை தப்பித்தது.

நான் அவசரப்பட்ட கதை

"மனசு மாறினால் போதும்" என்பதில் இருக்கும் குறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் சபைக்கு வந்த ஒரு சகோதரர். பட்டதாரி. அரசு மதுக்கடையில் விற்பனையாளராக வேலை பார்த்தார். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுக்கும் முன் என்னிடம் தனியாக வந்தார்.

"ஐயா, நான் கொடுக்கிற தசமபாகம் கர்த்தருக்குப் பிரியமா இருக்குமா?"

நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. "நாளைக்கே வேலையை விட்டுடுங்க தம்பி. கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். என் கீழ்ப்படிதலைவிட அவர் கீழ்ப்படிதல் பெரியது என்று இன்றைக்கு உணருகிறேன். எட்டு மாதம் அவருக்கு வேலை இல்லை. மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாத ஒரு சாயங்காலத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவர் விட்ட இடத்துக்கு மறுநாளே வேறு கடையிலிருந்து ஆள் போட்டார்கள். ஒரு குவாட்டர்கூடக் குறைவாக விற்கவில்லை.

அவர் செய்தது வீணா? கர்த்தருக்கு முன்பாக வீணல்ல. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார், தலைநிமிர்ந்து ஆராதனையில் நிற்கிறார். ஆனால் நான் செய்தது சரியா? ஒரு ஊரே, ஒரு மாநிலமே சுமக்கவேண்டிய பாவத்தை ஒரு ஏழைச் சகோதரன் தலையில் தூக்கிவைத்துவிட்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அந்தக் கடைப் பணம் சேரும் கஜானாவிலிருந்துதான் ரேஷன் அரிசி வருகிறது. அதில் நானும் சாப்பிடுகிறேன். என் மகள் இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள். கறை அவர் கையில் மட்டுமா? ஒருவன் மனம் மாறினால் ஒருவன் வெளியே வருவான். கடை அப்படியே இருக்கும். கடையின் நேரத்தையும் இடத்தையும் எண்ணிக்கையையும் மாற்றுவது ஒரு மனுஷனுடைய மனசாட்சியால் ஆகிற காரியமல்ல. அதற்குச் சட்டம் வேண்டும்.

தோட்டத்து மரம்

தம்பியின் அடுத்த கேள்வி சுயாதீனத்தைப் பற்றியது. "தேவனே ஏதேனில் மரத்தை வைத்து, தெரிந்துகொள்ளும் உரிமையை மனுஷனுக்குக் கொடுத்தாரே பாஸ்டர்?" என்றார். நல்ல கேள்வி. மரத்தைத் தேவன் வைத்தார், அது உண்மை. ஆனால் வேண்டாம் என்ற கட்டளையையும் அவர்தான் வைத்தார். மரத்தடியில் கடை போட்டவர் தேவன் அல்ல. பழம் கண்ணுக்கு இன்பமானது என்று காட்டி வியாபாரம் பண்ணினவன் யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சுயாதீனம் என்பது ஆண்டவர் கொடுத்த ஈவு. அதை நான் அற்பமாய் நினைக்கவில்லை. ஆனால் ஐந்து வருஷம் தினமும் குடித்தவனிடம் எவ்வளவு சுயாதீனம் மிச்சமிருக்கிறது? முதல் கிளாஸை அவன் எடுக்கிறான், பத்தாவது கிளாஸ் அவனை எடுத்துக்கொள்கிறது. அவன் மனைவிக்கு என்ன சுயாதீனம்? அவள் எதையும் தெரிந்துகொள்ளவில்லையே! பையன் பீஸ் கட்டமுடியாமல் நிற்கிறானே, அது அவன் தெரிந்துகொண்டதா?

இங்கே ஒரு காரியத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். கானாவூர் கலியாணத்தையும், பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகச் சொன்ன ஆலோசனையையும் காட்டி என்னை மடக்குகிறவர்கள் உண்டு. தேசமெங்கும் ஒருவனும் குடிக்கக்கூடாது என்று வேதத்தில் ஒரு ராஜாவின் சட்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எரேமியா 35-இல் வரும் ரேகாபியர் குடிக்கவில்லை. அது அவர்கள் தகப்பன் அவர்கள் குடும்பத்துக்கு வைத்த கட்டளை. நம்முடைய சபையில் நாம் ஒரு சொட்டும் தொடுவதில்லை. அது நாம் நமக்கு வைத்துக்கொண்ட ஒப்புக்கொடுத்தல். அதை அப்படியே சட்டமாக்கி, விசுவாசியாத பக்கத்து வீட்டுக்காரன் கழுத்தில் கட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடிக்கிறவனைவிட, அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப்பண்ணுகிறவனுக்குத்தான் ஆபகூக் 2:15-இல் ஐயோ விழுகிறது. இதைக் கவனியுங்கள். சட்டத்தின் கை முதலில் போகவேண்டிய இடம் குடிக்கிறவன் வாய் அல்ல, விற்கிறவன் கை.

தடை போட்டால் கள்ளச்சாராயம் வராதா?

வரும். இதையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க தேசத்தில் விசுவாசிகள் ஜெபித்துப் போராடி 1920-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்கள். ஈரல் நோய்ச் சாவுகள் குறைந்தது உண்மை. கள்ளக்கடத்தல் கும்பல்கள் கொழுத்ததும் உண்மை. 1933-இல் அந்தச் சட்டம் எடுக்கப்பட்டது. பீகாரில் 2015 தேர்தலுக்கு முன் பெண்கள் கேட்டார்கள் என்று 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. விளைவு? ஜெயில்களில் ஏழை ஜனங்கள் நிரம்பினார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை பிடிபட்டவனை அபராதத்தோடு விட வழிசெய்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் பல குடும்பங்களை அழித்தது. மிசோரம் நம்மைப்போல் ஆராதிக்கிற ஜனங்கள் நிறைந்த மாநிலம். அங்கே சபைகளின் வற்புறுத்தலால் 1997-இல் முழு மதுவிலக்கு வந்தது, 2015-இல் தளர்ந்தது, 2019-இல் மறுபடியும் வந்தது. நாகாலாந்தில் 1989-லிருந்து தடைச் சட்டம் இருந்தும், கள்ளத்தனமாய் விற்பனை நடப்பது அங்குள்ள சபைகளுக்கே பெரிய பாரமாய் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துச் சிலர், "அதனால்தான் சொல்கிறோம், கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் இருக்காது" என்கிறார்கள். அதுவும் சரியல்ல. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஜனங்கள் செத்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், சிலர் கண்பார்வை இழந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் அமிலமாக மாறிக் கண் நரம்பையே தாக்குகிறது. அப்போது தமிழ்நாட்டில் மதுக்கடை மூடியா இருந்தது? 2023-இல் 500 கடைகளை மூடிய பிறகும் 4,800-க்கும் மேல் திறந்திருந்தன. கடையில் விற்கிற பாட்டில் விலை கூலிக்காரனுக்கு எட்டவில்லை, பாக்கெட் எட்டியது. ஆகையால் கடை திறந்திருப்பது கள்ளச்சாராயத்துக்கு மருந்து என்று சொல்வதும் பொய், கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பொய். காய்ச்சுகிறவனையும் அதற்குத் துணைபோகிறவனையும் பிடிக்காத எந்தச் சட்டமும், திறந்த சட்டமானாலும் மூடிய சட்டமானாலும், ஓட்டைப்பானைதான்.

ஊரடங்கில் நான் கற்றது

2020 மார்ச் 24-இல் ஊரடங்கு வந்தபோது கடைகளெல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டன. நாமெல்லாம் ஸ்தோத்திரம் சொன்னோம். மூன்றாம் நாள் ராத்திரி நம் சபைச் சகோதரி ஒருவர் போன் பண்ணினார். அவர் கணவர் பெயிண்டர். போய்ப் பார்த்தால் கைகால் நடுங்குகிறது, வேர்த்து ஊற்றுகிறது, சுவரில் எறும்பு ஊறுகிறது என்கிறார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறார். நான் பிசாசின் போராட்டம் என்று நினைத்து எண்ணெய் பூசி இரண்டு மணி நேரம் கட்டளையிட்டு ஜெபித்தேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் நம் சபைச் சகோதரிக்குப் போன் போட்டேன்.

"பாஸ்டர், இது சரக்கு திடீர்னு நின்னதால வர்றது. வலிப்பு வந்தா உயிருக்கே ஆபத்து. ஜெபிச்சுக்கிட்டே ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போனோம். பிழைத்தார். அன்றைக்கு என் அறியாமையினால் ஒரு ஆத்துமாவை இழந்திருப்பேன். தேவபிள்ளைகளே, இதை வெட்கத்தோடு எழுதுகிறேன், உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் நினைவில் இருக்கட்டும். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லூக்காவும் வைத்தியன்தானே?

அந்தச் சகோதரர் நாற்பது நாளுக்கு மேல் குடிக்காமல் இருந்தார். போனிலேயே சாட்சி சொன்னார். மே 7-ஆம் தேதி சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் கடைகள் திறந்தன. கொளுத்துகிற வெயிலில் வரிசை நின்றது. அவரும் நின்றார். அந்த ராத்திரி அவர் வீட்டுப் பாத்திரங்கள் தெருவில் உருண்டன. பிறகு குடிமறக்கும் சிகிச்சை எடுத்து, இரண்டு தடவை விழுந்து எழுந்து, இன்றைக்கு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறார். அவரிடமே கேட்டேன், கடையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று.

"கடை தூரமா இருந்தா நானும் தூரமா இருந்துக்குவேன் பாஸ்டர். கடை கிட்ட இருந்தா கர்த்தர் அதைவிடக் கிட்ட இருக்கணும்."

படித்தவர்கள் புத்தகம் புத்தகமாய் எழுதுவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் இதிலிருந்து இரண்டு பாடம் படித்தேன். தூரம் மனுஷனைக் காக்கிறது. அதே நேரத்தில், அடிமைப்பட்டவனுக்கு வைத்தியம் ஆயத்தம் பண்ணாமல் ஒரே ராத்திரியில் பூட்டு போடுவதும் அவன் உயிருக்கு ஆபத்து.

பணம் எங்கிருந்து வரும்?

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் இதுதான். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 2003-04-இல் 3,639 கோடி ரூபாய், 2023-24-இல் 45,855 கோடி ரூபாய். எந்தக் கட்சியையும் நான் குறைசொல்ல வரவில்லை. திறந்தவர்களும் மூடினார்கள், மூடினவர்களும் திறந்தார்கள். 1971-இல் ஒரு ஆட்சி மதுவிலக்கை எடுத்தது, அதே ஆட்சி 1974-க்குள் திரும்பக் கொண்டுவந்தது. 1981-இல் அடுத்த ஆட்சி மறுபடியும் திறந்தது. 1983-இல் மொத்த விற்பனை அரசின் கைக்கு வந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் இந்தக் கடைகள் நடப்பது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்!

அந்த 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானம் போயிற்றே என்று கேட்டார்கள். அதை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றைக்கு என்ன நிலைமை? மதுவை விட்டதற்கு ஈடாக வந்த வரி வேறு வேறு பெயரில் நம்மோடு தங்கிவிட்டது, மதுவும் திரும்பி வந்துவிட்டது. அம்மா கடையில் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறாள், அப்பா குவாட்டர் வாங்கும்போதும் வரி கட்டுகிறான்.

மத்தேயு 27-ஐ வாசியுங்கள். யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசை பிரதான ஆசாரியர் காணிக்கைப்பெட்டியில் போடவில்லை, இது இரத்தக்கிரயம் என்று கூசினார்கள். ஆண்டவரைக் கொல்லத் துணிந்தவர்களுக்கே அந்தக் கூச்சம் இருந்தது! விதவையின் தாலி போன பணத்தில் விதவைக்குப் பென்ஷன் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அரசாங்கம் விற்பதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. சுவீடன் தேசத்தில் அரசாங்கம்தான் கடை வைத்திருக்கிறது. ஆனால் அது குடியைக் குறைக்கவேண்டும் என்பதற்காக வைத்த கடை. சனிக்கிழமை பிற்பகலில் மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. கடை நம்முடையதும் அரசின் கையில், அவர்களுடையதும் அரசின் கையில். வித்தியாசம் இருதயத்தில் இருக்கிறது. விற்பனை கூடினால் சந்தோஷப்படுகிற கை, கைப்பிடிச்சுவர் கட்டாது.

அப்படியானால் நாம் என்ன செய்வோம்?

தம்பிக்கு நான் கொடுத்த பதில் இதுதான். ஆம், அரசாங்கம் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். மது மட்டுமல்ல, பிள்ளைகள் கையில் புகுந்துவிட்ட கஞ்சாவும் போதை மாத்திரையும் அப்படியே. ரோமர் 13-இன்படி அதிகாரத்தில் இருக்கிறவன் நன்மைக்கென்று வைக்கப்பட்ட ஊழியக்காரன். இந்திய அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவும் அதைத்தான் அவனுக்கு வழிகாட்டுகிறது.

கடைகள் வருஷா வருஷம் குறையட்டும். 2016-இல் திறக்கும் நேரம் காலை பத்து மணியிலிருந்து பகல் பன்னிரண்டாக்கப்பட்டது, அது இன்னும் குறுகட்டும். நகராட்சிப் பகுதியில் பள்ளிக்கூடத்துக்கும் ஆராதனை ஸ்தலத்துக்கும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்ற தூரம் நீளட்டும். 21 வயது என்ற விதி பலகையில் மட்டும் தொங்காமல் கவுண்டரிலும் இருக்கட்டும். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிமறக்க வைத்தியம் இருக்கட்டும். காய்ச்சுகிறவனுக்குத் தண்டனை இருக்கட்டும், அடிமைப்பட்டவனுக்குக் கட்டில் இருக்கட்டும். முழு மதுவிலக்கு வருமானால் முதல் அல்லேலூயா என் வாயிலிருந்து வரும். ஆனால் இந்த வேலைகளையெல்லாம் செய்யாமல் ஒரு கையெழுத்தில் அது வந்தால், முதல் சவப்பெட்டி ஏழையின் தெருவிலிருந்துதான் போகும் என்பதையும் பயத்தோடு சொல்லுகிறேன்.

நமக்கும் வேலை உண்டு. கிராம சபை கூடுகிற நாளில் நாம் வீட்டில் இருக்கிறோம், கடை வேண்டாம் என்று தீர்மானம் கேட்கப் போகிறவர்கள் மற்ற ஜனங்கள். 2015-இல் சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் ஐயா உண்ணாமலைக்கடையில் போராடி உயிர்விட்டார். அவர் நம் சபைக்காரர் அல்ல. ஆனாலும் அவருக்கு இருந்த பாரத்தில் பாதி நமக்கு இருக்கிறதா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க இரண்டு சகோதரிகள் போனால் அவர்களோடு நாலு சகோதரர்கள் போங்கள். ஓட்டுக்காகக் குவாட்டர் வருகிற நாளில் வாங்காதிருங்கள், வாங்குகிறவன் வீட்டுக்குப் போய் அன்பாய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. அந்தக் கடை வேலையை விடும்படி ஒரு சகோதரனுக்கு இனி ஆலோசனை சொன்னால், அவருக்கு வேறு வேலை கிடைக்கும்வரை அரிசியும் பாலும் சபை கொடுக்கும் என்று மூப்பர்களோடு பேசித் தீர்மானித்திருக்கிறோம். அந்த லோடு ஆட்டோ சகோதரர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க ஐயா, டீ சாப்பிடுங்க" என்றார்.

தம்பி இன்னும் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிக்கிறேன் பாஸ்டர்" என்கிறார். யோசிக்கட்டும். போன வாரம் சபைக்கு மேல்தளம் கட்ட அளவெடுக்க மேஸ்திரி வந்தபோது, "சுற்றிக் கைப்பிடிச்சுவர் மூணரை அடியாவது இருக்கட்டும் அண்ணே, பிள்ளைங்க ஓடும்" என்று முதலில் சொன்னது அவர்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கர்த்தர் தாமே நம் வீடுகளையும், நம் தேசத்தை ஆளுகிறவர்களின் இருதயத்தையும் காப்பாராக. ஆமென்.

ஜெபக்குறிப்புகள்: குடியினால் கணவனை இழந்த நம் சபைச் சகோதரிகளுக்காக. சிகிச்சையில் இருக்கும் மூன்று சகோதரர்களுக்காக. கள்ளக்குறிச்சியில் தகப்பனையும் தாயையும் இழந்த பிள்ளைகளுக்காக. மதுக்கடைகளில் மனசாட்சி உறுத்த வேலை செய்கிறவர்களுக்காக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்